பாதுகாக்கப்பட்ட தொழுவம்

நாட்டின் பெருமை மாட்டுத் தொழுவங்களில் இருக்கிறது என்பதைச் சர்க்கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதத்தில் கண்டுபிடித்தது. அதுவரை அங்கே சாணிதான் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடித்தவர் ஆத்மநாதன் என்ற அதிகாரி. சர்க்கார் செலவில் சீமைக்குப் போயிருந்தார். எதற்குப் போனோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. அங்கே ஒரு பட்டிக்காட்டில் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றைப் பார்க்க ஜனங்கள் காரில் வந்து, சீட்டு வாங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்களாம். திரும்பி வந்தவர் "நம்மிடம் இல்லாத கொட்டகையா" என்று மேலே எழுதினார். மேலே இருந்தவர்களுக்கும் சீமைக்குப் போகிற ஆசை இருந்தது. சம்மதித்தார்கள். தொன்மைத் தொழுவத் தனி அலுவலர் என்று ஒரு பதவி உண்டாயிற்று. கூடவே ஒரு ஜீப்பும் உண்டாயிற்று. ஜீப் அன்னவாசலைத் தாண்டி எங்கள் செங்கணாம்பட்டியில் வந்து நின்றது. எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம், அதற்கு அப்பால் ரோடு இல்லை.

அன்றைக்கு ஆண்டிச்சாமி தன் தொழுவத்துக் கூரையில் ஏறிப் பழைய ஓலையைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். புதுப் பனையோலை கீழே அடுக்கிக் கிடந்தது. அவருக்கு அவசரம். செவலைப் பசு சினை. ஐப்பசியில் கன்று போடும். ஐப்பசியில்தான் மழையும். போன ஈத்துக் கன்று ஒழுகல் கூரைக்கு அடியில் பிறந்து, நனைந்து, விறைத்துச் செத்தது. அவர் மனைவி உண்ணாமலை அதற்கப்புறம் அவரோடு சரியாகப் பேசவில்லை. இந்தத் தடவை கூரை வேய்ந்தே ஆக வேண்டும்.

ஆத்மநாதன் அண்ணாந்து பார்த்தார்.

"இந்தத் தொழுவம் யார் கட்டினது?"

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டுனதுங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "முதல்ல நீ கீழே இறங்கு."

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. தொழுவத்தின் இடத்தை மாற்ற மாட்டோம். மற்றதையெல்லாம் மாற்றுவோம். இடம் ராசி, கட்டடம் கட்டடம்தான். எத்தனை தடவை பிரித்துக் கட்டினாலும் முதலில் கட்டியவன் பேரைத்தான் சொல்வோம். இது அதிகாரிக்குத் தெரியாது. தெரிந்தும் பயனில்லை என்பது பிறகு தெரிந்தது.

"இந்த ஓலை?"

"முந்தா வருசம் போட்டதுங்க."

"ஊன்றுகால்?"

"ஒண்ணு எங்கப்பா நட்டது. மத்தது நான்."

"சுவர்?"

"போன மழையில விழுந்துச்சு. வச்சுக் கட்டுனேன்."

"அப்போ பாட்டனுக்குப் பாட்டன் கட்டினது எது?"

ஆண்டிச்சாமி யோசித்தார். "எடந்தாங்க."

"அதுதான் தொன்மை," என்றார் ஆத்மநாதன். "இனிமேல் இதில் ஒரு ஓலையைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் குற்றம்."

"மாத்தாட்டி விழுந்துருமேங்க. மாத்தி மாத்தித்தானே இம்புட்டு நாளு நின்னுச்சு."

"அது பொறுப்பில்லாத காலம். இப்போது சர்க்கார் பாதுகாக்கிறது."

பாதுகாப்பு மறுநாளே தொடங்கியது. மாடு ஊன்றுகாலில் உரசுகிறது, உரசினால் தொன்மை தேய்கிறது என்று பசுவை வெளியே கட்டச் சொன்னார்கள். புதுக்கோட்டையிலிருந்து முதல் கோஷ்டி வந்தது. குளுகுளு கண்ணாடி போட்ட சீமாட்டிகள், கழுத்தில் காமிராவோடு கனவான்கள். காலித் தொழுவத்தைப் பார்த்துவிட்டு "மாடு எங்கே?" என்றார்கள். ஆகவே பசுவை மறுபடி உள்ளே கட்ட உத்தரவாயிற்று. ஆனால் இப்போது அது மாடு இல்லை; காட்சி மாடு. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நிற்க வேண்டும்.

"பார்வை நேரத்தில் சாணி போடக் கூடாது," என்றார் ஆத்மநாதன்.

"மாடு கேக்காதுங்களே."

"நீ எடுத்துச் சொல்லு. உன் மாடுதானே."

ஆண்டிச்சாமி மாட்டைப் பார்த்தார். மாடு உடனே பதில் சொல்லிவிட்டது. ஒரு சீமாட்டி அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ஊரே தலைகீழாயிற்று. எங்கள் முத்துராமன் சித்திரை மாதம்தான் ஓடு போட்ட தொழுவம் கட்டியிருந்தார். நவீனத் தொழுவம் கட்டினால் பரிசு என்று அப்போது வேறொரு அதிகாரி சொல்லியிருந்தார். ஜீப் வந்த வாரம் அதை இடித்தார். ஓலைக்கொட்டகை போட்டு, உள்ளே வறட்டியை மூட்டிப் புகை பிடிக்கவைத்து, கறுப்பாக்கி, பல்லி விட்டு, "எங்க பாட்டனுக்குப் பாட்டனோட மாமனாரு கட்டுனது" என்று அறிவித்தார். ஒரு தலைமுறை கூடுதல். அன்றிலிருந்து கல்யாணப் பேச்சில் யாரும் மகன் வயதையோ மகள் வயதையோ பேசவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நேரே கொல்லைப்பக்கம் போனார்கள். அழகம்மாளுக்கு வந்த சம்பந்தம், தொழுவத்துக் கூரையில் ஓட்டை போதாது என்று தட்டிப்போயிற்று. புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் தன் பங்களா ஹாலுக்கு ஓலை வேய்ந்து, கட்சிக்காரர்களைக் கழுநீர்த் தொட்டி ஓரத்தில் உட்காரவைத்தார். அவருக்குக் கேஸ் குவிந்ததாகக் கேள்வி.

ஒழுகுகிற தொழுவத்தைக் கண்காணிக்க ஒழுகாத கட்டடம் ஒன்று தேவைப்பட்டது. ஆண்டிச்சாமி தொழுவத்துக்கு எதிரே புறம்போக்கில் தனி அலுவலருக்கு ஆபீஸ் எழும்பியது. மங்களூர் ஓடு, சிமெண்டுத் தரை, மேசை, நாற்காலி, நிலைக்கு மேலே பதவிப் பலகை. உத்தரத்தில் மின்விசிறிக்குக் கொக்கி. கரண்டு ஊருக்கு வரவில்லை, கொக்கி வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்தது. முதல் மழைக்கே தொழுவம் சல்லடையாயிற்று. உண்ணாமலை புருஷனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"மாட்டுக்கு மடி எறங்கிருச்சுங்க. இன்னைக்கோ நாளைக்கோ. ஓலை போட விடுங்க."

"ஓட்டையும் தொழுவத்தின் பகுதிதான் அம்மா. அதை அடைத்தால் மாற்றம்."

"மழை பெய்யிறது மட்டும் மாத்தமில்லையா?"

"மழை தொன்மையானது."

"அப்ப மாட்டை எங்க வீட்டுக்குள்ள கட்டிக்கிறோம்."

"மனிதர் வசிப்பிடத்தில் காட்சி மாடு நிற்பதற்கு விதி இல்லை. எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமைக்கு அப்புறம் வா. பட்டணத்திலிருந்து மேல்மட்டக் குழு வருகிறது. தொழுவம் இருந்தது இருந்தபடி இருக்கட்டும்." ஆபீசைப் பூட்டிச் சாவியைத் தலையாரி நாகராசுவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அடைமழை. மத்தியானம் பசு படுப்பதும் எழுவதுமாக முனகியது. கூரை விட்டம் மெல்ல இறங்கியது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் உண்ணாமலை.

"சர்க்காரு சட்டம்டி."

"சட்டமா கன்னு போடுது? அவுத்துட்டு வாங்க."

மாட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். அவர்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே முழங்கால் தண்ணீர். சுற்றிலும் பார்த்தாள். ஊரில் எங்கள் தொழுவங்கள் எல்லாமே பாடுபட்டுப் பழசாக்கியவை, எல்லாம் ஒழுகின. நனையாத தரை ஒரே இடத்தில்தான் இருந்தது. மாட்டோடு நாகராசு வீட்டு வாசலுக்கு நடந்தாள்.

"அண்ணே, சாவியைக் குடுங்க."

"அது ஆபீசு, உண்ணாமல."

"ஞாயித்துக்கெழமை அது வெறும் வீடுதான்."

நாகராசு யோசித்துப் பார்த்தார். அதில் தப்பு தெரியவில்லை. திறந்துவிட்டார்.

செவலை மேசைக்குப் பக்கத்தில் கிடாரிக் கன்று போட்டது. உண்ணாமலை மாடு தின்ன மேசை மேல் வைக்கோலைப் பரப்பினாள். கன்று நடுங்கவில்லை. எழுந்து நின்று, நாற்காலியை ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு, மடி தேடிப் போயிற்று. உண்ணாமலை புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். எதிரே தொழுவம் தொபுக்கென்று விழுந்தது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, குழுவோடு ஆத்மநாதன் வந்து இறங்கினார். தொழுவம் இருந்த இடத்தில் ஓலைக் குப்பை. அவர் முகம் வெளுத்தது. அதற்குள் குழுத் தலைவர் மாட்டுச் சத்தம் கேட்ட பக்கமாக நடந்து ஆபீசுக்குள் நுழைந்துவிட்டார்.

"இதுதானா?"

ஆத்மநாதன் குப்பையைப் பார்த்தார். ஆபீசைப் பார்த்தார். தன் உத்தியோகத்தை நினைத்தார்.

"இதுதான்."

"அபாரம். இந்தப் பலகை?"

"மாட்டுக்காக வச்ச பலகைங்க. மாட்டோட பேரு எழுதியிருக்குங்க," என்றார் ஆண்டிச்சாமி.

"இந்த மேசை?"

"தீவனம் வைக்கிற எடமுங்க."

"அந்த நாற்காலி?"

இதற்குப் பதில் தலைவரே சொன்னார்: "புரிகிறது. நம் முன்னோர் மாட்டையும் நிற்கவைத்துப் பேசியதில்லை." அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார். "கரண்டு கண்டுபிடிக்கும் முன்பே எதிர்பார்த்திருக்கிறார்கள்."

உண்ணாமலை சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். குழு சாப்பிட்டது. சாப்பிட்ட கையோடு உத்தரவு போட்டது. மாடு, கன்று, மேசை, நாற்காலி எதையும் இந்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. ஓடு உடைந்தால் சர்க்கார் உடனே மாற்ற வேண்டும்.

உட்கார இடமில்லாத அதிகாரியை வைத்திருக்க முடியாது என்பதால் ஆத்மநாதனுக்குப் பதவி உயர்வு கொடுத்துப் பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. முத்துராமன் புகை பிடித்த கொட்டகையை மறுநாளே இடித்தார். தை பிறப்பதற்குள் ஊரில் அத்தனை தொழுவத்துக்கும் மங்களூர் ஓடு, சிமெண்டுத் தரை, மேசை, நாற்காலி, கொக்கி. எங்கள் பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஓலைக்கு அடியில், மண் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பார்க்க யாரும் சீட்டு வாங்கி வரவில்லை.

ஒரே குறை. மாடு எதுவும் நாற்காலியில் உட்காரவில்லை. சாயங்காலம் நாங்கள் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம்.

"நம்மூரு மாட்டுக்கு அம்புட்டுத்தான் வெவரம்," என்றார் முத்துராமன்.

ஒருத்தரும் மறுக்கவில்லை.