வாங்காத காருக்குப் பூஜை

காரே வாங்கியிராதவர்களுக்குத்தான் காரைப் பற்றி எல்லாம் தெரியும். இதற்கு நானே சாட்சி. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு, ராத்திரியெல்லாம் யூடியூப் பார்த்து, பழைய கார் வாங்குவதில் நான் அடைந்திருந்த ஞானம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஞானம் ஒரே ஒரு சனிக்கிழமை காலையில் சந்தி சிரித்தது.

என் மனைவி கலைச்செல்விக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்து உடம்பு கெட்டுப்போனதால் அங்கேயே ஒரு மகளிர் விடுதியில் தங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவாள். இங்கே வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் நான், அப்பா, யூகேஜி படிக்கும் மகள் யாழினி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் யாழினி அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

கார் இருந்தால் கலை தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும் (என்னைவிடவா என்று கேட்காதீர்கள், சீக்கிரமே தெரிந்துவிடும்). புதுக் கார் கையைக் கடித்தது. அதனால் அதிகம் ஓடாத, புதுசு மாதிரியே இருக்கும் பழைய கார் ஒன்றைத் தேடினோம். தினசரி ஆபீசுக்கும் வேண்டும், சென்னையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு ஹைவேயில் போய்வரவும் தோதாக இருக்க வேண்டும்.

"நீங்க போய்ப் பாருங்க. ஆனா நான் வந்து ஓட்டிப் பாக்காம எதையும் முடிச்சிடாதீங்க" என்றாள் கலை போனில்.

"சேச்சே, முடிப்பேனா?" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

துணிக்கடை ரஹீம் பாயிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அவர் மனைவிக்கு முழங்கால் வலி, குனிந்து ஏறி இறங்க முடியவில்லை என்று உயரமான வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போன நான், முதலில் டயரை உதைத்துப் பார்த்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது. வீடியோவில் உதைத்தார்கள். பிறகு ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மோந்து பார்த்தேன்.

"மோந்து பாத்தா என்ன தம்பி தெரியும்?" என்றார் பாய், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு.

"அதெல்லாம் ஒரு அனுபவம் பாய்."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பக்கத்தில் பாய், பின் சீட்டில் அப்பா. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பைபாசில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும்போது அப்பா, "கோயில் பக்கமா விடுடா. தெருவுல இருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்" என்றார்.

அன்று முகூர்த்த நாள் என்பதை மூன்று பேருமே மறந்திருந்தோம். கோயிலை ஒட்டிய தெருவில், ஒரு பிள்ளையார் சந்நிதி முன்னால் புது வண்டிகள் பூஜைக்கு வரிசை கட்டி நின்றன. தெரியாமல் நான் அந்த வரிசைக்குள் நுழைந்துவிட்டேன். முன்னால் மாலை போட்ட டிராக்டர், பின்னால் நான் நுழைந்ததும் போலீஸ் இழுத்து வைத்த இரும்புத் தடுப்பு. தப்ப வழியில்லை.

அர்ச்சகர் வந்தார். பளபளவென்று இருந்த வண்டியைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பானெட்டில் சந்தனம் அப்பியாகிவிட்டது. 'சாமி, இது இன்னும் என் வண்டி இல்லை' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். மாலை விழுந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் போயின. அப்பா சந்தோஷமாக இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார்.

"கலைச்செல்வி" என்றேன். நட்சத்திரம் சுத்தமாக மறந்துபோனது. "திருவோணம்!" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. மருமகளின் நட்சத்திரம் அவருக்கு மனப்பாடம்.

முன்னால் இருந்த டிராக்டர் நகர்ந்ததும் கற்பூரம் ஏற்றி, "வண்டிய எடுங்கோ" என்றார் அர்ச்சகர். அந்த வண்டியில் முதல் கியருக்குப் பக்கத்திலேயே ரிவர்ஸ், கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் விழுந்துவிடும். நான் பக்திப் பரவசத்தில் அழுத்தித் தள்ளிவிட்டேன். வண்டி பின்னால் போனது.

அப்பா அங்கேதான் நின்றிருந்தார். நல்ல மனிதர், நிறுத்தச் சொல்லியிருப்பார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஆயுசு முழுக்க பஸ்களை ரிவர்ஸ் எடுக்க வைத்த வாய் அது. பின்னால் வரும் வண்டியைக் கண்டதும் தானாகவே ஒதுங்கி நின்று, டிக்கியைத் தட்டி, "வரலாம்... வரலாம்... வரலாம்..." என்றார். நானும் தைரியமாக வந்தேன்.

"ஹோல்டான்!" என்று அவர் கத்தியதும் இரும்புத் தடுப்பில் டமால் என்று சத்தம் கேட்டதும் ஒரே நேரத்தில்.

டிக்கிக் கதவில் ஒரு சோற்றுக் குண்டான் உட்காரும் அளவுக்குப் பள்ளம். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாய் இறங்கிப் போய்ப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கற்பூரம் இன்னும் எரியுது தம்பி. இந்தத் தடவ முன்னாடி எடு."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. என் பேரம் பேசும் தகுதியும் கூடவே நசுங்கியது. "பாய், வண்டிய நானே எடுத்துக்கறேன்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க வீட்டம்மா பேர்ல சாமி கும்பிட்டாச்சு. அவங்க வந்து ஓட்டிப் பாக்கட்டும். புடிக்கலன்னா நான் தட்டி எடுத்து வெச்சுக்கறேன்" என்று சொல்லி, வண்டியை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

சாயங்காலம் கலை வந்தாள். மாலை, சந்தனம், பள்ளம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"முடிக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

"முடிக்கல. பூஜை மட்டும்தான்."

அப்பா அவசரமாக உள்ளே போய் டிவி போட்டார். கலை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், என்னைப் பின் சீட்டில் போட்டு ஹைவே வரைக்கும் போய்த் திரும்பினாள். வாசலில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"யார் பேருக்கு அர்ச்சனை பண்ணீங்க?"

"உன் பேருக்குத்தான். நீதானே தினமும் வீட்டுக்கு வரணும்."

சாவியை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "எடுத்துக்கலாங்க" என்றாள்.

இப்போதும் எங்கள் சொந்தக்காரர்கள் பெண் பார்க்கப் போனாலும் சரி, மனை பார்க்கப் போனாலும் சரி, "அவன கூட்டிட்டுப் போகாதீங்க, எலுமிச்சம்பழம் வெச்சிடுவான்" என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் மெக்கானிக்கை வரவழைத்து, அந்தப் பள்ளத்தை நிமிர்த்திப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் அம்மா வண்டிக்காக வாசலில் காத்து நிற்கும் யாழினி ஓடிவந்து டிக்கியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இத எடுத்துட்டா, அத்தன வெள்ள வண்டி தெருவுல போகுதுல்ல, அதுல அம்மா வண்டி எதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

மெக்கானிக் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.