ஸ்டாம்ப் பேடின் பொருட்டு எழுந்த பெரும்போர்

பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு திட்டங்களைக் கண்டவளும், மூன்று முறை வேலை முடிந்து மூன்று முறையும் மறுநியமன ஆணை பெற்று மீண்டவளும், பொருள்கள்மேல் புயலைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தின் அலறல் நடுவே அமர்ந்து பிழையின்றித் தட்டச்சு செய்ய வல்லவளும், மூன்று பிரதி கேட்டால் நான்கு பிரதி எடுத்து வைக்கும் முன்மதி படைத்தவளுமாகிய திட்ட உதவியாளர் வாழ்க! அவள் தோளில் தொங்கும் கைப்பை வாழ்க! ஒரு துளி ஊதா மைக்காக அவள் ஏறி இறங்கிய மாடிப்படிகளை யாம் பாடப் புகுகிறோம். கோப்புகளைக் காக்கும் தெய்வம் எதுவோ அது எமக்குத் துணை நிற்பதாக, நில்லாவிட்டாலும் குறுக்கே நில்லாதிருப்பதாக.

முதலில் போர் நடந்த நிலத்தைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் என்னும் பேரரசின் பின்வாசலை ஒட்டி நிற்கிறது நான்கு மாடிப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம். பேரரசு அதற்குக் கட்டடமும் மின்சாரமும் ஓர் இயக்குநரும் வழங்கியது. அத்தோடு கை கழுவியது. மற்றதெல்லாம், திருகாணி முதல் ஆய்வாளர் வரை, வெளியிலிருந்து வரும் திட்டங்களை நம்பியே பிழைத்தாக வேண்டும். மாடிக்கொரு பிரிவு, பிரிவுக்கொரு தலைவர், தலைவருக்கொரு திட்டம், திட்டத்துக்கு மூன்றாண்டு ஆயுள். வரும் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைப் பேரரசு கப்பமாக எடுத்துக்கொள்ளும். விண்ணப்பப் பட்டியலில் எழுதாத பொருளைத் திட்டம் வாங்கலாகாது, ஒரு திட்டத்தில் வாங்கிய பொருளை இன்னொரு திட்டம் தொடலாகாது என்பன அங்கே உயிரினும் மேலான விதிகள். தணிக்கைக்கு அஞ்சி விளக்குமாற்றுக்குக்கூடத் திட்ட எண் ஒட்டி வைத்திருந்தார்கள்.

காற்றுச் சுரங்கத் திட்டமோ அந்த மாதக் கடைசியோடு கண்ணை மூடவிருந்தது. புதிய திட்டத்துக்கான விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணிக்குள் நிதிக்குழு அலுவலகத்தைச் சேர வேண்டும். சேர்ந்து, அனுமதியும் கிடைத்தால் அவளுக்கு மூன்றாண்டு வேலை, இல்லையேல் வீடு. காற்றுச் சுரங்கப் பேராசிரியருக்கு நிலையான வேலை இருந்தது, அவளுக்கு இல்லை. கணவர் பத்து நாளாக மாலைதோறும் "ஆச்சா?" என்று ஒரே ஒரு சொல் கேட்டுவந்தார். அந்தச் சொல்லுக்கு அவள் உள்ளூர நடுங்கினாள்.

மணி மூன்று. இயக்குநரின் கையெழுத்து வாங்கியாயிற்று. அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மையார் இழுப்பறையைத் திறந்து, நிலையத்தின் முத்திரையை எடுத்து, ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, விண்ணப்பத்தின் மேல் ஓங்கி இறக்கினார். மேசை அதிர்ந்தது, காகிதம் வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் தெளித்து, தம் முழு எடையும் போட்டு மீண்டும் இறக்கினார். தேநீர்க் குவளை வைத்த தடம்போல ஒரு மங்கல் வளையம் தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தது.

"பொது நிதியில மைக்குன்னு செலவுத் தலைப்பே கிடையாதும்மா. ஏதாவது திட்டத்துல கேட்டுப் பாரு" என்றார் அம்மையார்.

தானே கடையில் வாங்கி வருவதாக அவள் சொன்னாள். கூடவே கூடாது என்றார் அம்மையார். முன்னொரு முறை யாரோ சொந்தக் காசில் வாங்கி மாட்டிய பூட்டை உரிமையாளரற்ற சொத்து என்று தணிக்கையாளர் எழுதிவிட்டுப் போய், அந்தப் பூட்டுக்கு அம்மையார் இன்றுவரை விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

படை புறப்பட்டது. படை என்பது அவள் ஒருத்திதான். மூன்றாம் மாடியில் வெப்பப் பிரிவினரின் திட்டம் முடிந்து, அவர்களுடைய ஸ்டாம்ப் பேட் தணிக்கைக்காகப் பீரோவில் சீல் வைக்கப்பட்டுக் கிடந்தது. இரண்டாம் மாடியில் அதிர்வுப் பிரிவினர் தங்கள் மை தங்களுக்கே போதாது என்று கதவை மெல்லச் சாத்தினர். மூச்சிரைக்கத் தரைத்தளம் இறங்கி, கான்கிரீட் பிரிவின் தலைவரும், முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் சார் என்று அழைக்கப்படுபவரும், வண்டி நிறுத்தும் நிழலுக்காக அவளுடைய பேராசிரியரோடு ஆறாண்டாகப் பேசாதவருமாகிய மாவீரரின் முன் போய் நின்றாள். அவர் மேசைமேல் ஊதா ததும்பும் புத்தம் புதிய ஸ்டாம்ப் பேட் வீற்றிருந்தது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"மை இருக்கும்மா. ஆனா அது கான்கிரீட் திட்டத்து மை. காத்துக்கு வைக்க முடியாது."

மணி மூன்று நாற்பது. அவள் வாசலை நோக்கித் திரும்பினாள். அப்போதுதான், கான்கிரீட் திட்டமும் இதே மாதக் கடைசியில் முடிகிறது என்பது நினைவில் தட்டியது.

"அப்ப நீங்களும் எங்க புதுத் திட்டத்துல சேர்ந்துடுங்க சார், இது உங்க விண்ணப்பமும் ஆயிடும். உங்க கான்கிரீட் கட்டி ஒண்ண எங்க சுரங்கத்துல வச்சு, காத்தடிச்சா என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்."

"ஒண்ணும் ஆகாது."

"அதையும் எழுதலாம் சார்."

சிமெண்ட் சார் சுவர் நாட்காட்டியில் மாதக் கடைசியைப் பார்த்தார். பிறகு உள்ளங்கை மெல்ல விலகியது. தொலைபேசியில் செய்தி கேட்ட அவளுடைய பேராசிரியரோ அறிவியல் எதையும் கேட்கவில்லை. சிமெண்ட் சார் பெயர் தன் பெயருக்குக் கீழேதானே வரும் என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டார். இவ்வாறாக, ஆறாண்டுப் பகையை மறந்து காற்றும் கான்கிரீட்டும் கைகோத்தன.

அதன்பின் அவள் விரல்கள் புரிந்த போரை என்னென்பது! முதல் பக்கம் மாறியது, நோக்கம் மாறியது, தலைப்பு இரண்டு வரி நீண்டது. வீட்டுக்குக் கிளம்பிய இயக்குநரை மாடிப்படியில் மறித்து, கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினாள். ஊதா முத்திரை வட்டமாக, எழுத்துக்கு எழுத்து தெளிவாக விழுந்தது. அதைக் கண்டு கண்காணிப்பாளர் அம்மையாரே ஒரு கணம் கண் கலங்கினார். அவள் தன் ஸ்கூட்டரை முடுக்கி, நான்கு ஐம்பத்தாறுக்கு நிதிக்குழுவின் வாயிலில் போய் நின்றாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் அனுமதி வந்தது. பல்துறை இணைந்த துணிச்சலான முயற்சி என்று குழு புகழ்ந்திருந்தது. வாங்க வேண்டியவை என்று விண்ணப்பத்தில் அவள் தட்டச்சு செய்த அறுபத்து நான்கு பொருள்களின் பட்டியல், ஒரு பொருள்கூட வெட்டுப்படாமல் வந்தது. அவளுக்கு மூன்றாண்டு வேலையும் வந்தது. சிமெண்ட் சார் நிழலில் பாதியை விட்டுக்கொடுத்தார். வெற்றி முரசம் கொட்டுக! மறுமாதம் முதல் தேதி, இயக்குநர் கையொப்பமிட்ட மறுநியமன ஆணையை ஏந்தி, தலை நிமிர்ந்து, கண்காணிப்பாளர் அம்மையாரின் அறைக்குள் அவள் நுழைந்தாள். அம்மையார் இழுப்பறையைத் திறந்து, முத்திரையை எடுத்து, ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, ஓங்கி இறக்கினார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. கான்கிரீட் திட்டம் முந்தின நாளோடு முடிந்து, அதன் ஸ்டாம்ப் பேடும் பீரோவுக்குள் போய்விட்டிருந்தது. புதுத் திட்டத்தில் வாங்கலாமே என்று அம்மையார் பட்டியலை விரித்து, முதல் பொருளிலிருந்து அறுபத்து நான்காம் பொருள் வரை விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, கைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது; கணவர் "ஆச்சா?" என்று கேட்டிருந்தார்.

பட்டியலில் மை எழுத அவள் மறந்துவிட்டாள்.