பூட்டுக்கு அலங்காரம் செய்தவன்

கல்யாண போட்டோகிராபர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் இருக்கிறபடியே படமெடுக்க மனசு வராது. இலையில் சாம்பார் சிந்தியிருந்தால் துடைப்போம். மாப்பிள்ளையின் வழுக்கையைத் தலைப்பாகையால் மூடுவோம். எனக்கு இந்த வியாதி முற்றியிருந்த சமயம் பார்த்துத்தான், ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயம் செய்யும் என் மச்சினன் செல்வத்தின் பம்புசெட் மோட்டாரை எவனோ தூக்கிக்கொண்டு போனான்.

குறுவை நாற்று தண்ணீரில்லாமல் வாடத் தொடங்கியிருந்தது. மோட்டார் கிடைத்தால்தான் நடவு. திருடன் விட்டுப்போன ஒரே தடயம், கொட்டகை வாசலில் அவன் உடைத்துப் போட்ட பூட்டு. போலீசுக்கு வழக்கமாகப் படமெடுப்பவருக்குக் காய்ச்சல். “எங்க மாமா இருக்காருங்க சார், பெரிய கேமரா வச்சிருக்காரு” என்று செல்வம் என்னை வரவழைத்தான். (பாவம், நம்பிட்டான்.)

“கைரேகை பாக்குறவரு தஞ்சாவூர்லேருந்து வந்துக்கிட்டிருக்காரு. கெடக்குறது கெடக்குற எடத்துலயே இருக்கணும். எதையும் தொடாம எடுங்க” என்ற எஸ்.ஐ., போன் வரவே பேசிக்கொண்டு வரப்பில் நடந்தார்.

கேமரா வழியே பூட்டைப் பார்த்தேன். சேறு, கிரீஸ், பக்கத்தில் கோழி எச்சம். இதையா படமெடுப்பது? பூட்டை எடுத்து, வேட்டி நுனியால் பளபளவென்று துடைத்து, நல்ல நுனி வாழையிலையாக ஒன்றை அறுத்து விரித்து, நடுவில் கிடத்தினேன். ஓரத்தில் ஒரு செம்பருத்தி. (அது கொஞ்சம் ஓவர்தான்.)

எஸ்.ஐ. திரும்பி வந்தார்.

“என்னய்யா இது?”

“க்ளோசப் சார்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் கைரேகைக்காரர் வந்துவிட்டார். பொடி தூவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, “ரேகை அருமையா பதிஞ்சிருக்கு சார்” என்றார். எஸ்.ஐ. முகம் மலர்ந்தது. கைரேகைக்காரர் என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் இவரோடதுதான்.”

செல்வம் தன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்குப் போன் போட்டான். “அக்கா, உன் புருஷனைத் தவிர வேற யாரு மேலயும் ஆதாரம் இல்லையாம்.”

பழைய இரும்பு வாங்கும் ஒருவர் மேல் சந்தேகம் என்று அழைத்து வந்தார்கள். மிரட்டிப் பார்க்க எஸ்.ஐ. நான் எடுத்த பூட்டுப் படத்தைக் காட்டினார். அந்த மனிதர் ரசித்துப் பார்த்தார். “ஜோரா இருக்குங்களே! யாரு எடுத்தது?” வேறு ஆதாரம் இல்லாததால் அனுப்பிவிட்டார்கள்.

மோட்டார் போனது போனதுதான். நாற்றைக் காப்பாற்ற செல்வம் ஆயில் என்ஜின் ஒன்றை இரவல் வாங்கினான். நடவு முடியும்வரை தினமும் அதன் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புவது எனக்கான தண்டனை. நாற்று பிழைத்தது. என் தோள்பட்டை பிழைக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் என் ஸ்டுடியோவுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒருவர் வந்தார். அதே இரும்பு வியாபாரி.

“பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. நீங்கதான் எடுக்கணும். உங்களுது ராசியான கைங்க!”

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயரே ‘ராசிக்கை’தான். படமெடுக்கக் கூப்பிட்டு யார் போன் செய்தாலும் மனைவி குரல் கொடுப்பாள்: “ராசிக்கை, போன்! கல்யாணமா, களவான்னு கேட்டுட்டுக் கெளம்புங்க.”