செம்பனைக் காட்டில் நான் எழுப்பிய அம்மன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடாத (சரி, முப்பத்தைந்து நாள்) கத்தோலிக்கப் பெண்ணான நான், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பண்டார் தெங்காரா பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஓர் அம்மன் கோயிலுக்குக் காரணமாகிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது, திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தார். இருமல் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஸ்கூடாயில் ஒரு பல் கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை. மகள் ஷெரின் பினாங்கில் படிக்கப் போய்விட்டாள். கணவர் அந்தோணி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வயரிங் வேலை செய்கிறார். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுவார். நான் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு திரும்பி வருவார். ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். வாரம் முழுக்கத் தூங்காத தூக்கத்தை அன்று ஒரே மூச்சில் தூங்கி முடிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. குடிக்கிறவர், அடிக்கிறவர் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். உழைத்துக் களைத்துத் தூங்குகிற மனுஷனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? ஆகவே சொல்லாமல் இருந்தேன். மிகவும் தனியாக இருந்தேன்.

அப்படியொரு ஞாயிற்றில்தான் கைப்பேசியில் அந்தக் காணொளியைப் பார்த்தேன். ஏதோ குளிர் நாட்டில், மழைச்சட்டை போட்ட நடுவயதுப் பெண்மணி ஒருத்தி, புல்வெளியில் நிற்கும் மூவாயிரம் வருஷத்துக் கல்லைத் தடவிக் கொடுக்கிறாள். பக்கத்தில் செத்தவர்கள் மேல் குவித்த கற்குவியல், தூரத்தில் மலைக்கோட்டை. அவளோடு யாரும் வரவில்லை. ஆனால் முகத்தில் அப்படியொரு நிறைவு. இது எனக்கென்றே ஏற்பட்ட பொழுதுபோக்கு என்று தோன்றியது. கல்லுக்கு ஷிப்டு கிடையாது, எப்போது போனாலும் இருக்கும்.

முதலில் நெகிரி செம்பிலான் மாநிலம் வரை காரோட்டிப் போய், அங்கே நட்டுவைத்திருக்கும் பழங்கற்களைப் பார்த்தேன். அழகாக வேலி போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பொறாமை. நெகிரிக்கு இருக்கிறது, மலாக்காவுக்கு இருக்கிறது, எங்கள் ஜொகூருக்கு மட்டும் என்ன குறைச்சல்? யாரும் ஒழுங்காகத் தேடவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். (தொல்லியல் படித்தவர்களுக்குத் தோன்றாதது பல் கிளினிக் பதிவு மேசைக்குத் தோன்றியது.)

பூசை முடிந்ததும், பூசைக்குப் போட்ட அதே பஞ்சாபி உடையும் வழுக்கும் செருப்புமாகக் கூலாய் தாண்டித் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். பண்டார் தெங்காரா பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் காவலுக்கு இருந்த மலாய்க்கார ஜாகா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல் பார்க்க வந்தேன் என்றேன். "பத்து? பத்து சஜா?" என்றார். ஆமாம், கல்தான், வெறும் கல்தான். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, தடுப்பைத் தூக்கிவிட்டார்.

அங்கேதான் கண்டுபிடித்தேன். இரண்டு செம்மண் சாலைகள் கூடும் மேட்டில், வெட்டாமல் விட்ட ஒரு காட்டு மரத்தடியில், என் இடுப்பு உயரத்துக்குச் சாய்ந்து நின்றது கல். மேலெல்லாம் பாசி. பாசியைச் சுரண்டினால் ஐந்து கோடுகள், சீப்பால் வாரியதுபோல ஒரே சீராக. ஆதி மனுஷன் செதுக்கியது! ஜொகூரின் முதல் கல்!

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனேன். கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் பல் துலக்கிகளை எடுத்துக்கொண்டு போய், கோடு கோடாகத் தேய்த்து அந்தக் கல்லைக் கழுவினேன். (ஈறு வலிக்காத மென்மையான வகை.) தேய்த்துக்கொண்டே அதனோடு பேசவும் ஆரம்பித்தேன். ஷெரின் வாட்ஸ்அப்பில் ஒற்றை எழுத்தில் பதில் போடுவதைச் சொன்னேன். அந்தோணியிடம் சொல்ல வைத்திருந்ததையும் அதனிடமே சொன்னேன். சுற்றிலும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஓர் ஆள் வரமாட்டார். மத்தியானம் கட்டி எடுத்துப்போன மீ கோரேங்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தோணி அப்போதுதான் புரண்டு படுப்பார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு ஞாயிறு அவர் என்னோடு வந்து அந்தக் கல் முன்னால் நிற்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தேன். "அடுத்த வாரம் பாப்போம் பிலோ" என்பார், கண்ணைத் திறக்காமல். கடைசியில் ஒருநாள் தானாகவே சொன்னார்: "அடுத்த மாசம் கம்பெனில மெஷின நிப்பாட்டுறாங்க. ரெண்டு நாள் லீவு. கண்டிப்பா வரேன்."

அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அவர் வருவதற்குள் எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டுமென்று, மறுவாரம் கல்லிடம் போய் மூன்று காரியம் செய்தேன்.

புகைப்படத்தில் கோடுகள் சரியாக விழவில்லை. ஏதாவது பொடியைத் தேய்த்தால் எடுப்பாகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். (தேய்க்கக்கூடாது என்றும் அடுத்த வரியில் போட்டிருந்தார்களாம். யார் அடுத்த வரி படிக்கிறார்கள்?) காரில் மளிகைச் சாமான் இருந்தது. மாவு இல்லை, மஞ்சள் தூள் இருந்தது. நன்றாகப் பூசினேன். பிறகு, அந்தத் தோட்டத்தில் எந்தத் திருப்பமும் ஒன்றுபோலவே இருக்கும். கைப்பேசி வரைபடத்தைக் கேட்டால் ஆற்றுக்கு நடுவில் நிற்கிறாய் என்று காட்டும். அதனால் அடையாளத்துக்கு, பங்குத் திருவிழா அலங்காரத்தில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்து மரத்தில் கட்டினேன். மூன்றாவது, எலுமிச்சம்பழம். செம்மண் சாலைக் குலுக்கலில் எனக்குக் குமட்டும்; மோந்து பார்க்க எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். படம் எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதைக் கல் தலையில் வைத்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, அப்படியே மறந்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். பளிச்சென்று கழுவிய கல், மேலே மஞ்சள், தலையில் எலுமிச்சம்பழம், மரத்தில் சிவப்புத் துணி. பத்துத் தமிழர்களிடம் காட்டினால் பதினோரு பேர் கும்பிடுவார்கள். நாற்பத்தொன்பது வருஷம் தமிழச்சியாக இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த ஐந்து ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) ஒத்திகை. நான்தான் ஆசிரியை, போக முடியவில்லை. ஆறாவது ஞாயிறு அந்தோணி எழுந்து, முகச்சவரம்கூடச் செய்துகொண்டு, காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்த சொற்பொழிவைத் தொடங்கினேன்.

"மூவாயிரம் வருஷம், என்னங்க! நினைச்சுப் பாருங்க!"

"ம்."

"கருவி கூட சரியா இல்லாத காலத்துல அஞ்சு கோடு செதுக்கியிருக்கான்!"

"ம்... இன்னைக்கி ரோட்டுல ஜாம் இல்ல, பாத்தியா" என்றார். கூலாய் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

தோட்டத்து வாசலில் ஜாகா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கூயில்? தெருஸ், தெருஸ்!" என்று நேரே கையைக் காட்டினார். கோயிலா? எந்தக் கோயில்? இவர் என்னை யாரென்று நினைத்தார் என்று யோசித்துக்கொண்டே மேட்டுக்குப் போனேன். மேட்டில் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள், நான்கு கார்கள், செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஒன்று. ஒலிபெருக்கி. சாம்பிராணி.

நான்கு கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டிருந்தார்கள். அதன் கீழே என் கல், மஞ்சள் பட்டு உடுத்தி, மாலை போட்டு, வெள்ளிக் கண் வைத்து, எலுமிச்சை மாலையோடு (என்னுடையது ஒன்றுதான், மற்றதெல்லாம் புதிது) என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து கோடுகளும் பட்டுக்குள் போய்விட்டன. முன்னால் சூலம். மேலே 'அருள்மிகு வழித்துணை அம்மன்' என்று பலகை.

அந்தோணி கண்ணைக் கசக்கினார். "இதுவா பிலோ, நீ சொன்ன கல்லு?"

நான் காரை விட்டுப் பாய்ந்தேன். "யாரு இதெல்லாம் செஞ்சது?"

"வாங்கக்கா, வாங்க!" என்று கும்பிட்டபடி வந்தார் ஒருவர். பெயர் சேகர், அந்த லோரியின் ஓட்டுநர். "செருப்புக்கா, செருப்பு."

சண்டைக்குப் போனவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து சண்டையைத் தொடர்ந்தேன். சேகர் பொறுமையாக விளக்கினார். "அன்னைக்கி நல்ல மழைக்கா. லோரி இதே எடத்துல சேத்துல மாட்டிக்கிச்சி. முதலாளி போன் மேல போன். எறங்கிப் பாக்குறேன், மரத்தடியில அம்மன்! மஞ்சள்லாம் அப்பதான் பூசுன மாதிரி. கும்பிட்டுட்டு ஏறுனேன். அடுத்த கியர்ல லோரி ஏறிருச்சி."

"தம்பி, இது சாமியில்ல. மூவாயிரம் வருஷத்துக் கல்லு. ஆதி மனுஷன் செதுக்குனது. அஞ்சு கோடு இருக்கு, துணியை விலக்கிப் பாருங்க."

"அந்தக் கோடா? அது பெக்கோ பல்லுக்கா."

"என்னது?"

"பெக்கோக்கா, மண்ணு தோண்டுற மெஷின். மறுநடவு செஞ்சப்ப இந்தக் கல்லு கீழ பள்ளத்துல மாட்டிக்கிட்டு வரல. பெக்கோ பல்லப் போட்டு இழுத்து இங்க தள்ளுச்சி. நான்தான் அன்னைக்கி லோரியோட நின்னேன். அலமாக், அந்த டிரைவர் பேசுன கெட்ட வார்த்தை! ஏழு வருஷம் இருக்கும்லா."

மூவாயிரத்திலிருந்து ஏழுக்கு ஒரே நொடியில் இறங்கினேன். ஆனாலும் விடவில்லை. "அப்ப பெக்கோ தள்ளுன கல்லுன்னு தெரிஞ்சே எப்படிக் கும்பிடுறீங்க?"

சேகர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கல்லு ஏழு வருஷமா இருக்குக்கா. சாமி போன மாசம்தானே வந்துச்சி?"

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி வரல! நான் வந்தேன்! மஞ்சள் பூசினது நான், துணி கட்டினது நான், அந்த எலுமிச்சம்பழம் என் காருது!" என்று கத்தினேன். ஒலிபெருக்கியை யாரோ நிறுத்திவிட்டார்கள். பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு எழுந்து வந்தார். அவர் சேகரின் மனைவி கமலா.

"நீங்க எதுக்குக்கா இங்க வந்தீங்க?"

"சும்மா... கல்லு பாக்க."

"யாரோட?"

"தனியாத்தான்."

"எத்தன தடவ?"

"ஒன்பது ஞாயிறு" என்றேன்.

கமலா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஒம்பது வாரம், தொணைக்கு ஒரு ஆளு இல்லாம, காட்டுக்குள்ள வந்து கல்லக் கழுவி, ஒம்பதாவது வாரம் மஞ்ச பூசியிருக்காங்க. அம்மா கூப்பிடாம யாரு வருவா?"

எங்கள் நவநாள் செபமும் ஒன்பது நாள்தான். எண்ணிக்கையில் நான் எதிர்வாதம் செய்ய வழியில்லை. ஒரு மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்கள். கல்லுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை என்னுடையதுதான்.

அந்தோணி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜெனரேட்டரிலிருந்து இழுத்திருந்த வயரைப் பார்த்தவுடன், "இப்படி விட்டா யாருக்காவது ஷாக் அடிக்கும்" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். வயரைப் பிரித்தபடி ஆண்களோடு பேசினார், சிரித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பேசிய பேச்சை எங்கள் வீடு ஒரு வருஷமாகக் கேட்டிருக்காது. நான் மாலையும் கழுத்துமாகக் கல்லோடு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பது ஞாயிறு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு லோரி நிற்கவில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டுப் போனதும் இத்தனை பேர். வயிற்றெரிச்சலாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது அந்தோணிதான் ஓட்டினார். கூலாய் தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஒம்பது ஞாயிறா பிலோ? நான் ஒரு தடவ, ரெண்டு தடவன்னு நெனச்சேன். மத்த ஞாயிறெல்லாம் நீ வீட்டுலதான் இருந்தேன்னு நெனச்சேன்."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"வீட்டுல நீ இல்லங்கிறதே எனக்குத் தெரியல" என்றார். மாலையைக் கழற்ற மறந்து, அதோடேயே ஸ்கூடாய் வரை வந்தேன்.

வருஷா வருஷம் கோயில் திருவிழா அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. 'ஸ்தாபகர்: திருமதி பிலோமினா அந்தோணி' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். ஷெரின் அதைச் சட்டம் போட்டு, கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டிவிட்டாள். கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், கல்யாணம் என்று நாலு பேர் கூடினால் போதும், முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டு இப்படி முடிப்பாள்: "அம்மாவை மட்டும் எங்கயும் தனியா உட்கார விடாதீங்க. எழுந்து வந்ததும் அங்க ஒரு கோயில் வந்துரும்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

"அதான் நான் கூடப் போறேன்" என்பார் அந்தோணி. உண்மைதான், போகிறார். இப்போதும் மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்காவது கல் தேடிப் போகிறேன். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை. அவர் காரை விட்டு இறங்குவதில்லை, இருக்கையைச் சாய்த்துப் படுத்துத் தூங்குகிறார். நான் மரங்களுக்குள் கொஞ்ச தூரம் போனதும் விழித்துக்கொண்டு ஹாரன் அடிப்பார். நான் கையை உயர்த்திக் காட்டுவேன். மறுபடியும் தூங்கிவிடுவார்.