இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

வாயில் பற்பசை நுரையோடு நிற்கும்போதுதான் எனக்குப் புரட்சிகரமான எண்ணங்கள் வரும். அன்றும் வந்தன. “இனி என் புதன்கிழமை எனக்கே” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். நுரை கண்ணாடியில் தெறித்தது. உடனே துடைத்தேன். துடைக்காமல் விட்டால் அதுவும் பட்டியலில் ஏறிவிடும்.

பட்டியல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். பத்திரிகை அலுவலகத்தில் ஆளுக்கொரு கிழமை விடுமுறை. எனக்கு வாய்த்தது புதன். என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர். எந்த மாத்திரை எந்தத் தட்டில், எது எந்த மாதம் காலாவதி என்று பட்டியல் போட்டே பழகியவள். அவளுக்குப் புதன் வேலை நாள். ஆகவே எனக்கும் வேலை நாள்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் அவளுடைய ஆப்பிள் லேப்டாப் இருக்கிறது. வயது ஒன்பது. புதன்தோறும் காலை ஏழு மணிக்கு அது ‘டிங்’ என்று ஒரு சத்தம் போடும். திரையின் மூலையில் பட்டியல் எட்டிப் பார்க்கும். தண்ணீர்த் தொட்டி கழுவவும். மின்விசிறி துடைக்கவும். செருப்பு அலமாரியை ஒழுங்குபடுத்தவும். இப்படிப் பத்துப் பதினொன்று. அதில் ஏழாவது, ஆறு மாதமாக அசையாமல் நின்றது: ‘இந்த லேப்டாப்பை ஒரு வழி பண்ணவும்.’

அதற்கு வயதாகிவிட்டது. புதுப்பிப்புகள் வருவது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம் அதில் திறப்பதில்லை. மனைவி ஆறு மாதமாகச் சொல்கிறாள். நான் ஆறு மாதமாக ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அழுத்துகிறேன். என் இல்லற வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அந்தப் பொத்தான்தான்.

நுரை துடைத்த அன்றே படிக்கட்டில் பென்குயினைச் சந்தித்தேன். மேல்மாடிக்காரர். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். நெஞ்சில் பென்குயின் படம் போட்ட பனியன் நான்கு வைத்திருக்கிறார். அது லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரின் சின்னமாம். லினக்ஸைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் லிஃப்டைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவார்.

“சார், உங்க வீட்டு லேப்டாப் சாகல. உள்ள இருக்கற சாஃப்ட்வேருக்குத்தான் வயசாயிடுச்சு. அதத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க. குதிரை மாதிரி ஓடும்.”

“பழைய சாஃப்ட்வேர்ல ஒரு பட்டியல் இருக்கே?”

“அது போயிடும்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“குதிரை கிடக்கட்டும் சார். பட்டியல் போயிடும்னு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னார். காதில் தேன் பாய்ந்தது.

“எந்த லினக்ஸ் போடறது?”

“லினக்ஸ்னா ஒண்ணு இல்ல சார். நூத்துக்கணக்குல இருக்கு.”

“எது நல்லது?”

“எல்லாம் நல்லதுதான். ஆனா நான் தர்றதத் தவிர வேற எதையும் தொட்டுடாதீங்க.”

எனக்கு அப்போதே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. அவர் யோசிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து நீல நிறப் பென் டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் இடுப்பில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மனிதர் சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டம் தெளிவு. ஏழாவது வேலையைச் செய்கிறேன் என்ற சாக்கில் மற்றப் பத்து வேலைகளையும் ஒழித்துக்கட்டுவது. அடுத்த ஒரு வாரம் மனைவிக்குப் பாடம் எடுத்தேன்.

“லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

“அப்படியா?”

“உலகமே அதுக்கு மாறிட்டிருக்கு. பென்குயின்தான் சின்னம்.”

“ஏன் பென்குயின்?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “கம்ப்யூட்டர்னா சூடாகும் இல்லியா? இது சூடாகாது. குளிர்ல வேலை செய்யும்.”

“ஓ.” குழம்பைக் கிளறினாள். “ஏங்க, பேக்கப்னு ஏதோ சொல்வாங்களே, அது எடுக்க வேணாமா?”

“உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, விடு.”

“போட்டதுக்கப்புறம் வைஃபை வரலைன்னா?”

“லினக்ஸ்ல வைஃபை தானா வரும்.”

“சரி” என்றாள். எங்கள் வீட்டில் ‘சரி’ என்ற சொல்லுக்குப் பதினோரு அர்த்தங்கள் உண்டு. நான் தவறானதை எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வந்தது. ஏழு மணிக்கு ‘டிங்’. கடைசி முறையாகப் ‘பிறகு நினைவூட்டு’ அழுத்தினேன். எட்டரைக்கு அவள் கிளம்பினாள். எட்டு முப்பத்தொன்றுக்குப் பென் டிரைவைச் செருகினேன்.

‘ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே மிஷினை ஆன் பண்ணவும்’ என்று பென்குயின் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். விசைப்பலகையின் கீழ் வரிசையில் ஆப்ஷன், கமாண்ட், கன்ட்ரோல் என்று மூன்று பேர் சகோதரர்கள் போல நின்றார்கள். முதல் முறை மூத்தவனை அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் முறை இளையவனை அழுத்தினேன். வேறு ஏதோ நடந்தது. மூன்றாம் முறை மூன்று பேரையும் சேர்த்து அழுத்தினேன். லேப்டாப் ஒரு பெருமூச்சு விட்டது. ஒன்பதரை மணிக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டிப் படம் வந்தது. சொடுக்கினேன்.

அதற்குப் பிறகு அது என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனார் இவ்வளவு கேட்கவில்லை. எந்த மொழி? எந்த நேர மண்டலம்? எந்த விசைப்பலகை? கடைசியாக ஒரு திரை வந்தது. அதில் இரண்டு வழிகள். முதல் வழிக்கு நான்கு வரி விளக்கம்: இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, இடத்தைப் பங்கிட்டு, பக்கத்தில் இதை நிறுவி, பிறகு எது வேண்டுமோ தேர்ந்தெடுத்து, என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது வழி ஒரே வரி: ‘வட்டை அழித்துவிட்டு நிறுவு.’

இருபத்திரண்டு வருடமாக நான் செய்திகளை வெட்டுகிறேன். நீளமான வாக்கியத்தை நம்பாதே, சின்ன வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கும் என்பதுதான் எங்கள் மேசையில் முதலில் சொல்லித்தருவது. சின்னதை அழுத்தினேன்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. பளபளவென்று புதுத் திரை. மூலையில் பட்டியல் இல்லை. எழுந்து நின்று நானே எனக்குக் கை கொடுத்துக்கொண்டேன்.

பிறகு பக்கத்தை மேலே தள்ளினேன், அது கீழே போனது. நகலெடுக்க எப்போதும் அழுத்தும் விசையை அழுத்தினேன், வேறு சன்னல் ஒன்று திறந்தது. வைஃபை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சரி, வைஃபைதானே, அவளுடைய படங்களையாவது திறந்து பார்ப்போம் என்று தேடினேன்.

படங்கள் இல்லை.

மகள் இப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று முன் பல் இல்லாமல் சிரித்த படம் அதில் இருந்தது. இல்லை. மறுநாள் கிடங்குச் சோதனைக்கு மனைவி மூன்று வாரமாகத் தயாரித்த இருப்பு விவரம் இருந்தது. இல்லை. ‘வட்டை அழித்துவிட்டு’ என்றால் வட்டை அழித்துவிட்டுத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் அலுவலகத்தில் படித்ததே இல்லை.

மேல்மாடிக்கு ஓடினேன். பென்குயின் இறங்கி வந்தார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து வெள்ளை எழுத்துகளைத் தட்டினார். மிஷின் பதிலுக்கு நாற்பது வரி எழுதியது.

“என்ன சார் சொல்லுது?”

“வைஃபைக்கு டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் வேணுமாம். அத நெட்டுலேர்ந்து எடுக்கணுமாம்.”

“நெட் எப்படி வரும்?”

“வைஃபை வந்தா வரும்.”

“வைஃபை எப்படி வரும்?”

“அதான் சார், டிரைவர் போட்டா வரும்.”

பென்குயின் நாற்பது வரியையும் மறுபடி மேலிருந்து படித்தார். மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “துணி காயப் போடச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு?” உலகத்தை லினக்ஸுக்கு மாற்ற வந்தவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். லேப்டாப்பின் மேல் எங்கள் நாளிதழை விரித்து வைத்திருந்தேன்.

“ஏன் இதுக்குப் பேப்பர் போத்தி வெச்சிருக்கீங்க?”

“தூசி.”

“தூசிக்கு பயந்தா, எனக்கு பயந்தா?”

பேப்பரை விலக்கினேன். “எல்லாம் போயிடுச்சும்மா.”

“எதெல்லாம்?”

“போட்டோ எல்லாம். உன் இருப்பு விவரம். அப்புறம், பட்டியலும்.” கடைசிச் சொல்லில் கொஞ்சம் சோகம் சேர்க்க முயன்றேன். ஒட்டவில்லை.

அவள் கைப்பையைத் திறந்தாள். கறுப்பாக, சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எல்லாத்தையும் இதுல எடுத்துட்டேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“பேக்கப் எடுக்க வேணாமான்னு கேட்டேனே. எனக்குப் புரியாதுன்னு சொன்னீங்க. புரியாமத்தான் எடுத்தேன்.”

எனக்கு உயிர் வந்தது. அடுத்த கணமே குழப்பமும் வந்தது. அவள் உட்கார்ந்தாள். தன் போனை ஒயரால் லேப்டாப்போடு இணைத்தாள். போனிலிருந்து நெட் பாய்ந்தது. கறுப்புத் திரையைத் திறந்து, விசைகளைப் பார்க்காமலே, மாத்திரை எண்ணுவது போலச் சடசடவென்று தட்டினாள். வைஃபை வந்தது.

“இதெல்லாம் உனக்கு எப்படி...”

“எங்க மருந்துக் கவுண்டர்ல எட்டு வருஷமா லினக்ஸ்தாங்க ஓடுது. மூணு நாள் டிரெயினிங்குக்குப் போனேனே. நீங்கதான பஸ் ஏத்தி விட்டீங்க?”

“எதுக்கு டிரெயினிங்னு நீ சொல்லவே இல்லியே?”

“நீங்க கேக்கவே இல்லியே.”

“ஒரு வாரமா உனக்கு நான் பாடம் எடுத்தேனே?”

“நல்லா இருந்துச்சு. அந்தப் பென்குயின் குளிர்ல வேலை செய்யற கதைய கவுண்டர்லயும் சொன்னேன். இன்னொரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டாங்க.”

நான் நிறுவியது கோணலாக இருக்கிறது என்று சொல்லி, அதே பென் டிரைவை வைத்து அவளே முதலிலிருந்து நிறுவினாள். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. படங்கள் திரும்பி வந்தன. முன் பல் இல்லாத மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்களுக்கும் தனியா ஒரு யூசர் போட்டிருக்கேன். உங்க பேர், உங்க பாஸ்வேர்டு. நான் எட்டிப் பாக்க மாட்டேன்.”

நெகிழ்ந்துபோனேன். இருபது வருடத்தில் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு கதவு திறப்பது அதுதான் முதல் முறை. அந்தக் கதவுக்கு உள்ளே எனக்கு என்னென்ன அதிகாரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த புதன், காலை ஏழு மணி. ‘டிங்’ இல்லை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு பட்டியல் நின்றது. பதினொரு வேலைகள். ஏழாவது மட்டும் மாறியிருந்தது: ‘லேப்டாப்புக்குப் போர்த்திய பேப்பரைப் பழைய பேப்பரோடு சேர்க்கவும்.’ நான் என் ஆயுதத்தைத் தேடினேன்.

“ஏம்மா, ‘பிறகு நினைவூட்டு’ பட்டன் எங்க?”

“அது பழைய சாஃப்ட்வேர்ல இருந்ததுங்க. இது நானே எழுதினது. அந்த பட்டன் வேணும்னு எனக்குத் தோணல.”

கிளம்பிப் போய்விட்டாள். நான் படியேறினேன். பென்குயின் இடுக்கியைப் பல்லில் கடித்தபடி கொடியில் துணி மாட்டிக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் பட்டியல அழிக்க என்ன வழி?”

இடுக்கியை எடுத்தார். “கட்டளைக்கு முன்னால சூடோன்னு ஒரு வார்த்தை போட்டு அழிங்க. முதலாளி சொல்றேன், செய்னு அர்த்தம். மிஷின் எதிர்த்துப் பேசாது.”

“உங்க வீட்டு மிஷின்ல நீங்க அதப் போட்டா செய்யுமா?”

“எங்க வீட்டப் பத்தி இப்ப எதுக்கு சார்?” மறுபடியும் இடுக்கியைக் கடித்துக்கொண்டார்.

இறங்கி வந்தேன். என் யூசர், என் பாஸ்வேர்டு. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். ஓர் எழுத்துப் பிழை. திருத்தி மறுபடி தட்டினேன். மிஷின் இரண்டே வாக்கியத்தில் பதில் சொன்னது: ‘அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு வாக்கியம் என் மேசைக்கு வந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். யார் தெரிவிப்பார்? யாரிடம்? ஆளில்லாத வீட்டில் ஒரு லேப்டாப் யாரைக் கூப்பிட்டு...

போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, எதையோ அழிக்கப் பாத்தீங்களா?”

“யாரு, நானா?”

“ஒன்பது பன்னெண்டுக்கு ஒரு தடவ. எழுத்துப் பிழையோட. திருத்திட்டு ஒன்பது பதிமூணுக்கு இன்னொரு தடவ.”

“தூசி தட்டினேன். கை பட்டுடுச்சு.”

“கை பட்டா சூடோ, இடைவெளி, அழி, இடைவெளி, பட்டியல்னு வரிசையா வருமா?”

பின்னணியில் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது.

“சரி, விடுங்க. பட்டியல்ல ஒண்ணு போட மறந்துட்டேன். இப்ப சேத்துட்டேன், பாருங்க.”

திரையைப் பார்த்தேன். பதினொன்றின் கீழ் பன்னிரண்டாவதாக ஒரு வரி முளைத்திருந்தது: ‘மேல்மாடி அண்ணாவிடம் கொடுத்து, உங்களிடம் சேர்க்கச் சொன்ன என் பென் டிரைவை, பத்திரமாக என் கைப்பையில் வைக்கவும்.’