இரண்டு வால்வுகளும் ஒரு தெரிவுக் குழுவும்

உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது. அந்த அவசரத்தின் விளைவை நாம் நாள்தோறும் அனுபவிக்கிறோம். ஆகவே, குருநகரில் ஒரு சின்னக் கிற்றார் எம்பிளிபயருக்கு இரண்டு வால்வு தெரிவுசெய்து பொருத்த ஜஸ்ரின் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டதை மனித நிதானத்தின் உச்சம் என்றே வரலாறு எழுதும். எழுதாவிட்டால், எழுதுவிக்க ஒரு குழு அமைக்கலாம்.

ஜஸ்ரினுக்கு வயது முப்பத்திரண்டு. கலைப் பட்டதாரி. ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கான கோப்பு மேலிடத்தில் இருக்கிறது. போன கார்த்திகையில் அவன் மனைவி ஜெசிதா டெங்குக் காய்ச்சலில் போனாள். அதுவும் ஆறே நாள். அதிலும் அவசரம்தான்.

எம்பிளிபயர், ஜெசிதாவின் சித்தப்பா பிரான்சிலிருந்து திருநாளுக்கு வந்தபோது கொண்டுவந்தது. போகும்போது பாரம் கூடிவிட்டதென்று விட்டுப் போனார். பின்பக்கம் இரண்டு வால்வு, பழைய றேடியோக்களில் இருந்ததுபோல் கண்ணாடிக் குழாய்கள். சூடேறினால் செம்மஞ்சளாக ஒளிரும். ஜெசிதா பாடுவாள், ஜஸ்ரின் வாசிப்பான். சத்தத்தைக் கூட்டினால் பெட்டி கரகரக்கும். ஜஸ்ரின் எப்போதும் கூட்டினான்.

"உங்கடை பெட்டிக்குத் தொண்டை கட்டிப்போச்சுது. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ," என்பாள் ஜெசிதா.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு அவளுடைய தாய் மரியநாயகி மருமகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தம்பி, ஆண்டுப் பூசைக்கு அவளின்ரை மாதா பாட்டை ஒருக்கா வாசிப்பீங்களோ? பாட ஆளில்லாட்டியும் பறவாயில்லை. வாசிச்சாக் காணும்."

"ஓம் மாமி."

மறுநாள் காலை, மாமி பார்த்துக்கொண்டிருக்க, எம்பிளிபயரின் ஆளியைப் போட்டான். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"என்ன தம்பி?"

"வால்வு, மாமி."

ஒரு கலைப் பட்டதாரி இவ்வளவு விரைவாக மின்னியல் தீர்ப்பு வழங்கியது யாழ்ப்பாணத்தில் அதுவே முதல்தடவை. "மாத்தவேணும். கண்டதையும் போடேலாது. சத்தம் கிளீனா இருக்கவேணும்," என்று தீர்ப்புக்கு ஒரு பின்னிணைப்பும் சேர்த்தான்.

இவ்வாறு தெரிவுக் குழு உதயமானது. தலைவர்: அருட்பிரகாசம் மாஸ்ரர், இளைப்பாறிய சமய ஆசிரியர், கோயில் பாடகர் குழுவுக்குப் பொறுப்பானவர். தொழில்நுட்ப உறுப்பினர்: மானிப்பாயில் றேடியோ திருத்தும் றெஜி. வெளிநாட்டு உறுப்பினர்: ஜஸ்ரினின் அக்கா வினோஜா, ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில். செயலாளர்: ஜஸ்ரின். கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து, மாமி வீட்டு விறாந்தையில். ஜஸ்ரின் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தான். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் தேவைப்படவில்லை.

முதற்கூட்டத்திலேயே றெஜி ஒரு தவறு செய்தான்.

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்கோ அண்ணை, திறந்து பாப்பம். பத்து நிமிஷ வேலை."

செயலாளர் அவனைக் கனிவோடு திருத்தினார். எந்த வால்வு வேண்டும் என்ற விவரக்கூற்று அங்கீகரிக்கப்படாமல் பெட்டியைத் திறப்பது முறைகேடு. அவருடைய செயலகத்தில் ஒரு தண்ணீர்ப் பம்பை இதே ஒழுங்கில்தான் மூன்று வருடமாகத் திருத்துகிறார்கள்.

"அப்ப நான் இப்ப என்ன செய்யிறது?"

"விளக்கம் குடு."

றெஜி பெருமூச்சு விட்டு விளக்கினான். "சிக்ஸ் வீ சிக்ஸ் எண்டு ஒரு வால்வு. இனிமையானது. ஆனாக் கொஞ்சம் கூட்டினாக் கரகரக்கும். சிக்ஸ் எல் சிக்ஸ் எண்டு இன்னொண்டு. அது கூட்டினாலும் கிளீன். ஆனாக் கரண்டைக் கனக்கத் தின்னும். உந்தச் சின்னப் பெட்டி தாங்காது, சூடாகி மணக்கும்."

மாஸ்ரர் கையை உயர்த்தினார். "பொறும் ஐசே. ஒவ்வொண்டிலையும் எத்தினை ஆறு?"

"ரெண்டு, மாஸ்ரர்."

"ரெண்டெண்டாப் பறவாயில்லை. மூண்டெண்டாப் பசாசின்ரை இலக்கம். ஆயரிட்டைக் கேக்கவேண்டி வந்திருக்கும்."

ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாமி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள்.

"வேறை ஒண்டும் தேவையில்லையோ தம்பி?"

"இல்லை மாமி. வால்வு மட்டும்தான்."

மாமி அவனைச் சற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "தேநீர் வழங்கப்பட்டது," என்று செயலாளர் எழுதினார்.

பங்குனிக் கூட்டத்தில் வால்வு எந்த நாட்டில் செய்யப்பட்டிருக்கவேண்டும் என்பது ஆராயப்பட்டது.

"ரஷ்யாவிலை செய்யிறாங்கள்," என்றான் றெஜி.

"அவை வேறை சபை," என்றார் மாஸ்ரர்.

"சீனா?"

"அவைக்குச் சபையே இல்லை. வேறை?"

"சிலோவாக்கியா."

கைத்தொலைபேசிக்குள்ளிருந்து வினோஜாவின் குரல் வந்தது. "இப்பதான் தேடிப் பாத்தன் மாஸ்ரர். அரைவாசிக்கு மேலை கத்தோலிக்கராம், எங்கடை ஆக்கள்."

மாஸ்ரர் கண்ணை மூடினார். "தேவ சித்தம்."

"தம்பி, வால்வு கிடக்கட்டும்," என்றாள் வினோஜா. "நீ ஒழுங்காச் சாப்பிடுறியோ?"

"அது இண்டைய நிகழ்ச்சிநிரலிலை இல்லை அக்கா."

வைகாசியில் றெஜி இன்னொரு நுட்பத்தை வெளியிட்டான். "சோடியாத்தான் எடுக்கவேணும். ரெண்டும் கரண்டை ஒரே அளவாய் இழுக்குதோ எண்டு அளந்து, சோடி சேத்துத்தான் விக்கிறவங்கள். ஒண்டு போனா மற்றதையும் கழட்டிப்போடவேணும்."

"மற்றது நல்லாயிருந்தாலுமோ?"

"நல்லாயிருந்தாலும்."

சொன்ன பிறகுதான் றெஜிக்கு விளங்கியது. அவன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினான். மாஸ்ரர் தெருவைப் பார்த்தார். செயலாளர் எழுதினார்: "குறித்துக்கொள்ளப்பட்டது."

பேச்சை மாற்ற றெஜி அவசரமாகச் சொன்னான். "உண்மையாச் சொன்னா அண்ணை, சத்தத்தைக் குறைச்சு வாசிச்சா எந்த வால்வும் கிளீன்தான்."

இக்கருத்து மிக எளிமையாக இருந்தமையால் நிராகரிக்கப்பட்டது.

"வேறை ஒண்டும் தேவையில்லையோ தம்பி?" என்றாள் மாமி, கோப்பைகளை எடுத்தபடி.

"இல்லை மாமி."

ஆனியில் உப குழு. ஆடியில் உப குழுவின் இடைக்கால அறிக்கை. ஆவணியில் அதற்கு ஒரு திருத்தம். புரட்டாதியில் சிலோவாக்கியாவின் சிக்ஸ் வீ சிக்ஸ், ஒரு சோடி, ஏகமனதாகத் தெரிவானது. இந்தக் காலத்தில் செயலாளர் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. கிற்றாரைத் தொடக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால் பாருங்கள்.

ஆண்டுப் பூசைக்கு மூன்று நாள் இருக்க, ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த ஒருவர் கையில் வால்வுகள் வந்து சேர்ந்தன; குழந்தைக் காலுறை இரண்டுக்குள், காலுறைக்கு ஒன்றாக. பதினோராவது கூட்டம் அவசரமாகக் கூடியது. எம்பிளிபயர் கட்டிலின் கீழிருந்து இழுத்து வரப்பட்டது. றெஜி பழைய வால்வுகளைக் கழற்றி, புதியவற்றைப் பொருத்தி, கையைத் துடைத்தான்.

"போடுங்கோ அண்ணை."

ஜஸ்ரின் ஆளியைப் போட்டான். விளக்கு எரியவில்லை.

"சிலோவாக்கியாவும் சரிவரேல்லையோ?" என்றார் மாஸ்ரர், கவலையோடு.

றெஜி பெட்டியைத் திருப்பினான். பின்பக்கத்தில் பெருவிரல் நுனியளவு ஒரு மூடி இருந்தது. திருகினான். உள்ளே ஊதினான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அண்ணை, பியூஸ் எங்கை?"

"என்ன பியூஸ்?"

"இதுக்கை இருக்கிற பியூஸ். எரிஞ்சதெண்டாலும் எரிஞ்சது கிடக்கும். இது வெறுமை. ஆரோ கழட்டியிருக்கினம்."

"அதுக்கும் சோடி வேணுமோ?" என்றார் மாஸ்ரர்.

செயலாளர் கோப்பைப் புரட்டினார். பத்துக் கூட்டங்களின் அறிக்கையிலும் பியூஸ் பற்றி ஒரு சொல் இல்லை.

மாமி உள்ளே போனாள். மாதா சுருவத்தின் காலடியிலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்து வந்து றெஜியின் கையில் வைத்தாள். அதற்குள் பஞ்சில் ஒரு கண்ணாடிப் பியூஸ் படுத்திருந்தது.

"முப்பத்தோராம் நாள் தம்பி போட்டிருந்த வெள்ளைச் சேட்டின்ரை பொக்கற்றுக்கை கிடந்தது," என்றாள். "தோய்க்கேக்கை எடுத்து வைச்சனான். மாசாமாசம் கேட்டனான், வேறை ஒண்டும் தேவையில்லையோ எண்டு."

அன்று பின்னேரம், வெள்ளைச் சேட்டோடு, அந்த மூடியைத் திருகிய விரல்கள் ஜஸ்ரினுடையவைதான். ஒரு நாளைக்கு மட்டும் வாசிக்காமல் தப்பலாம் என்றுதான் நினைத்தான்.

"ஏன் மாமி நீங்கள் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் தம்பி சொல்லேல்லை?"

றெஜி பியூஸைப் போட்டான். பிறகு யாரையும் கேட்காமல் புதிய வால்வுகளைக் கழற்றிப் பழையவற்றையே திரும்பச் செருகினான். ஆளியைப் போட்டான். சிவப்பு விளக்கு. பின்னால் மெல்ல மெல்ல இரண்டு செம்மஞ்சள் ஒளி.

"ரெண்டும் நல்ல சீவனோடை கிடக்கு," என்றான், யார் முகத்தையும் பாராமல்.

மாமி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாசியுங்கோ."

"கம்பியெல்லாம் துருப்பிடிச்சிட்டுது மாமி. எந்தக் கம்பி போடுறதெண்டு முதல்ல ஒரு..."

"தம்பி."

அவன் கிற்றாரை எடுத்தான். சத்தத்தை ஒருபோதும் வைக்காத அளவுக்குக் குறைத்தான். மாதா பாட்டின் முன்னிசை வந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது. ஒளிந்துகொள்ள அதற்குள் ஒரு கரகரப்பும் இல்லை. ஜெசிதா பாடத் தொடங்கும் இடத்தில் விரல்கள் வழக்கம்போல் நின்று, அவளுக்காகப் பார்த்திருந்தன.



"அவள் வரமாட்டாள் தம்பி," என்றாள் மாமி. "நீங்கள் வாசிச்சுக்கொண்டு போங்கோ."

அவன் வாசித்துக்கொண்டு போனான். மூன்று இடத்தில் பிழை. அன்றைய சத்தத்தில் மூன்றும் தெளிவாகக் கேட்டன.

பதினோராவதும் இறுதியுமான கூட்டத்தின் அறிக்கை அன்றே எழுதி முடிக்கப்பட்டது. வால்வுகளில் எந்தக் குறையும் இல்லை. பழுதடைந்த பாகம் செயலாளர் என இனங்காணப்பட்டது. மாஸ்ரர் முன்மொழிந்தார், மாமி வழிமொழிந்தார், செயலாளர் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்.