பதினோரு பதிவேடுகளும் ஒரு ஜப்பான் மீனும்

ஜூன் 12, வியாழக்கிழமை, காலை 10.07. மலையாளத்தார் எடவப்பாதி என்கிற பருவமழை மூன்றாவது நாளாக நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குடை, ஒரு பெண், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஸ்கேனர். எழுபத்து நான்கு வயதில் எனக்குப் புத்தி கெட்டது அந்த நிமிடத்தில்தான் என்று என் மனைவி கோமதி சொல்கிறாள். (தவறு. கெட்டது முந்தின நாள் மாலை 4.20க்கு. அதற்கு வருகிறேன்.)

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் தினமும் கரைக்கு வந்த மீன்களின் இனம், எண்ணிக்கை, நீளம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுவது இருபத்தொன்பது வருடம் என் வேலை. மீனைத் தொட்டு அளந்திருக்கிறேன், தின்றதில்லை. அக்ரகாரத்துக்காரன். சாயங்காலம் கிணற்றடியில் எட்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் கோமதி கதவைத் திறப்பாள். அலுவலகம் இடம் மாறியபோது பழைய பதிவேடுகளை எடைக்குப் போடச் சொன்னார்கள். அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு பதினொன்றையும் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன். (எப்போதும் பதினொன்றுதான். ஆனாலும்.)

வந்த பெண் அஞ்சு, கடல் உயிரினங்களை ஆராய்கிறவள். பதிவேடுகள் செல்லரிப்பதற்குள் கணினியில் ஏற்றிவிட்டால், இந்தக் கரையில் முன்பு எந்த மீன் இருந்தது, எது இல்லாமல் போனது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். யார் வேண்டுமானாலும் என்றதும் போனை வைத்துவிட்டுப் பதிவேடுகளை எண்ணினேன். நான் வெயிலில் நின்று எழுதியதை இவள் தன் பெயரில் போட்டுக்கொண்டு டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால்?

அதனால்தான் அந்த 4.20. நாலாவது பதிவேட்டில், ஒரு பக்கத்தின் அடியில் காலியாக இருந்த வரியில், பழைய பேனாவில் நீலக் கறுப்பு மை நிரப்பி ஒரு மீனை எழுதினேன். ஜப்பான் பக்கத்துக் குளிர்ந்த கடலில் மட்டும் இருக்கிற மீன். படப்புத்தகத்தைப் பார்த்துப் பெயரை எடுத்தேன். 'கரமடி வலை. எண்ணிக்கை 1. நீளம் 23 செ.மீ.' இந்த மீன் எங்காவது என் பெயரில்லாமல் தலைகாட்டினால் திருட்டு பிடிபட்டுவிடும். என்னை நானே இரண்டு முறை பாராட்டிக்கொண்டேன்.

அஞ்சு ஒன்பது நாள் வந்தாள். நான் எதிரிலேயே உட்கார்ந்து பக்கம் எண்ணினேன்.

"அங்கிள் போய்ப் படுத்துக்கோங்க. ஞான் ஒண்ணும் கொண்டுபோக மாட்டேன், ஸ்கேன் மாத்ரம்."

"நான் 212 எண்ணினேன். மிஷின்ல 211னு காட்றதே?"

"பாக்கி ஒரு பக்கத்துமேல உங்க காப்பி டம்ளர் இருக்கு அங்கிள்."

சமையலறையிலிருந்து கோமதி சொன்னாள்: "ஏன்னா, அந்தப் பொண்ணு கையலம்பப் போனாக்கூட கடியாரத்தைப் பாக்கறேளே. நன்னாவா இருக்கு?"

ஏழு மாதம் கழித்து அஞ்சு கூப்பிட்டாள். "அங்கிள், கருத்தரங்குக்குக் கட்டாயம் வரணும் கேட்டோ. முன்வரிசையில சீட். ஒரு சர்ப்ரைஸ் உண்டு."

கோமதியோடு போனேன். நாற்காலி அறுபத்தெட்டு, ஆள் ஐம்பத்து மூன்று. திரையில் முதலில் வந்தது என் பெயர். 'பதிவுகள்: எஸ். சிவராமன்' என்று பாதித் திரையை அடைத்துக்கொண்டு. அஞ்சுவின் பெயரைத் தேடினேன்; மூலையில் கொசு அளவில் இருந்தது. இரண்டாவது படத்தில் என் மீன் வந்தது.

இந்தியக் கடலில் இந்த இனம் பதிவானது இதுவே முதல் முறை என்றாள் அஞ்சு. சிவராமன் சார் எழுத்தில் இதுவரை ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியாததால் நம்பி ஏற்றோம், இதைக் காட்டித்தான் திட்டத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்டிருக்கிறோம் என்றாள். ஐம்பத்து மூன்று பேரும் கை தட்டினார்கள். (நான் தட்டவில்லை. ஐம்பத்திரண்டு.)

நரைத்த தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். குளிர்ந்த கடல் மீன் இங்கே எப்படி வரும் என்று கேட்டார். "சாரே இங்க இருக்காரே," என்று அஞ்சு சிரித்துக்கொண்டே மைக்கை என்னிடம் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பொய் அச்சேறும். என்றைக்காவது அவள் தலையில் விடியும். திறந்தால் இன்றைக்கே விடியும்.

"சொல்லுங்கோளேன்," என்றாள் கோமதி. "ஏன் இப்படி வேர்க்கறது?"

"அது வலையில வரலை," என்றேன். "பேனாவுல வந்தது."

மைக்கை அஞ்சுவிடமே திருப்பி நீட்டினேன்.

"எதுக்கு அங்கிள்?" என்றாள் அஞ்சு.

"உன்னைப் பிடிக்கத்தாம்மா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை உண்டு?"

"இது ஒண்ணுதான்."

"அதை எப்படி நம்புறது?"

ஆயுள் முழுக்க நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அஞ்சுவுக்கு இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் கிடைத்தது, அதுவும் என் எழுத்தைச் சரிபார்க்க. பதினாறு நாள் என்னோடு பேசவில்லை. பதினேழாம் நாள் லாப்டாப்போடு வந்து, "முதல் பக்கத்திலேர்ந்து தொடங்கலாம்," என்றாள். கோமதி அவளுக்கு மட்டும் காப்பி கொடுத்தாள். இப்போதும் நான் சாலைக் கடைத்தெருவிலிருந்து காய்கறி வாங்கி வந்தால், "வெண்டைக்காய் கடையிலேர்ந்து வந்துதா, பேனாவுலேர்ந்து வந்துதா?" என்று கேட்கிறாள். மாப்பிள்ளையும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இணையத்தில் என் பதிவுகள் இருக்கின்றன. ஜப்பான் மீனுக்கு எதிரில் 'பொய், உறுதி செய்யப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் எதிரில் 'சந்தேகம், உறுதி செய்யப்படவில்லை'. உட்கார்ந்து எண்ணினேன், இரண்டு தரம். நான் எழுதிய ஒரு பொய் வரிக்கு ஆன செலவு, பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு நிஜ வரிகள்.